கண்ணாடி வீட்டின் பதினெட்டு கிலோ

பீன்ஸ் இலைகள் மஞ்சளானபோது முதலில் சந்தேகம் விழுந்தது மண்புழுக்கள்மீதுதான். பிறகு தண்ணீர்மீது விழுந்தது. அதற்குப் பிறகு கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் குழாய்க்காரர்மீது விழுந்து, பாவம், அந்த மனிதர் நாலு நாள் யார் முகத்திலும் முழிக்காமல் தொட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். சமையல்காரர்மீது மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரைப்போலச் சிக்கனமான ஆள் அந்தக் கண்ணாடி வீட்டிலேயே கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. உள்ளே ஆறு பேர், ஒரு தோட்டம், ஒரு சமையலறை, கொஞ்சம் மீனோடு ஒரு தொட்டி. வெளியிலிருந்து ஒரு குண்டூசி உள்ளே வராது, உள்ளேயிருந்து ஒரு கொசுவின் மூச்சுகூட வெளியே போகாது. இரண்டு வருஷம் மனிதர்களால் இப்படித் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பார்க்கப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடிக் கட்டியது. உருளைக்கிழங்குத் தோலைச் சீவினால் தோல் புழுக்குழிக்குப் போகும். புழு அதைத் தின்று மண்ணாக்கும். அந்த மண்ணைப் பீன்ஸ் தின்னும், பீன்ஸை மனிதர்கள் தின்பார்கள், மனிதர்கள் காலையில் எழுந்து போய் உட்கார்ந்துவிட்டு வருவதைக் குழாய்க்காரர் தொட்டியில் பிடித்துப் பக்குவப்படுத்தி மறுபடியும் மண்ணுக்கே அனுப்புவார். விடுகிற மூச்சைக்கூடச் செடிகள் சும்மா விடாது, அதிலிருக்கும் கரியைப் பிடுங்கி இலையாக்கிக்கொள்ளும். அங்கே எதுவும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் எல்லோர் வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மூச்சை ஆறு பேர் திரும்பத் திரும்ப இழுத்து விட்டுக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் எத்தனை சண்டை வரும் என்பதைக் கட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் போக்குவரத்துக்கெல்லாம் பொறுப்பு ஒரு அம்மாள். மனிதர்களுக்கு ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மண்ணைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். அதனால் எல்லோருக்கும் அவர் மண் டாக்டர். காலையில் எதிரே வந்தால் வணக்கம் சொல்ல மாட்டார். “வயிறு நல்லா போச்சா?” என்பார். அக்கறை நம் வயிற்றின்மேல் இல்லை, மண்ணுக்கு வரவேண்டியது வந்து சேர்ந்ததா என்பதில்தான். ஆரம்பத்தில் கூச்சப்பட்டவர்கள்கூடப் போகப்போக நின்று விவரமாகப் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள்.

அவர் மண்ணைச் சோதித்தார், தண்ணீரைச் சோதித்தார், மீனைப் பிடித்து எடை போட்டார். தழைச்சத்து குறைகிறது, காற்றில் கரி குறைகிறது, ஆனால் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசல் பக்கம் சும்மா நின்றிருந்த சமையல்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

“மாஸ்டர், கொஞ்சம் இந்த மேடையில ஏறி நில்லுங்க.”

வாசல் கதவுக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு எடை மேடை உண்டு. உள்ளே வந்த அன்று ஒவ்வொருவரும் அதில் ஏறி நின்றுதான் வந்தார்கள். சமையல்காரர் ஏறி நின்றார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அது எடை மேடையிடம் பலிக்காது என்பது பிறகுதான் தோன்றியது.

“உள்ள வரும்போது ஐம்பத்தெட்டு. இப்ப எழுபத்தாறு,” என்றார் மண் டாக்டர்.

“உடம்பு தேறியிருக்குன்னு சொல்றீங்களா மேடம்?”

“என் தோட்டம் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்றேன். பதினெட்டு கிலோ மாஸ்டர். அவ்வளவும் உங்க மேல இருக்கு.”

சமையல்காரர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அதுவரை அது அவருடைய வயிறாகத்தான் இருந்தது.

அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முப்பது வருஷம் ஓட்டலில் வேலை பார்த்தவர். ஒரு நாளும் ஒரு பருக்கையைக் குப்பையில் போட்டதில்லை. இங்கேயும் ஆறு பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பது, யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன கிழங்கு, ஆறிப்போன சூப்பு, எல்லாவற்றையும் அடுப்பங்கரையில் நின்றபடியே வழித்து வாயில் போட்டுக்கொள்வார். பசித்தா சாப்பிட்டார்? மனசு கேட்காமல் சாப்பிட்டார். வீட்டில் பெண்கள் செய்வதில்லையா, அதைப்போலத்தான்.

“நான் ஒண்ணைக்கூட வீணாக்கலையே மேடம். மிச்சம் மீதி எல்லாத்தையும் நானே சாப்பிட்டுட்டேன்.”

“அதான் மாஸ்டர் பிரச்சனையே. அது புழுவோட சாப்பாடு.”

வாழ்நாளெல்லாம் நல்ல குணம் என்று நினைத்துப் பாதுகாத்து வந்தது ஒரே வாக்கியத்தில் திருட்டாகிவிட்டது. புழுக்கள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு அவர் ஏப்பம் விட்டிருக்கிறார்.

இது வேறு சமயமாக இருந்திருந்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருப்பார். ஆனால் வெளியே அவருடைய ஒரே மகள் வாயும் வயிறுமாக இருந்தாள். தலைப்பிரசவம். ரத்தம் குறைவு, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாராவாரம் அவர் மனைவி பஸ் பிடித்து வந்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் போனில் பேசிவிட்டுப் போவாள். போன வாரம்தான் சொல்லியிருந்தாள்.

“என்னங்க, அவ ராத்திரியெல்லாம் பயந்துக்கறா. அப்பா பக்கத்துல இருந்தா போதும்கறா. மாப்பிள்ளைகிட்ட சொல்லாததைக்கூட உங்ககிட்டதானே சொல்லுவா. எப்படியாவது வந்துடுங்க.”

வந்துவிடுகிறேன் என்று கண்ணாடியில் கையை வைத்துச் சொல்லியிருந்தார். வெளியே போக ஒப்பந்தத்தில் வழி இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பேச்சுப் புரியாது. உள்ளே வந்தபோது இருந்த எடையோடு மேடையில் நின்றால் திறக்கும். கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது. ஒரு கைப்பிடி முன்னே பின்னே இருந்தால் மன்னித்துவிடும், அவ்வளவுதான். வீட்டின் சொத்து யார் உடம்பிலும் வெளியேறிவிடக் கூடாது என்று கட்டியவர்கள் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள்.

“தாராளமா போங்க மாஸ்டர், உங்க பொண்ணு ஆச்சே,” என்றார் மண் டாக்டர், உண்மையான பிரியத்தோடு. “பதினெட்டு கிலோவை மட்டும் வச்சுட்டுப் போங்க.”

அன்றிலிருந்து சமையல்காரர் மனிதர் என்ற நிலையிலிருந்து எரு என்ற நிலைக்கு வந்துவிட்டார். சாப்பாடு பாதியாயிற்று. அவர் சமைத்ததை அவருக்கே அளந்து போட்டார்கள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக் குழியில் போட்டார்கள். முடியில் தழைச்சத்து கொட்டிக் கிடக்கிறதாம். மீசையும் போயிற்று. மீசை போனது அவருக்குப் பெரிய துக்கம்தான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கூடவே இருந்தது. நகத்தை வெட்டினால்கூடக் கையேந்தி வாங்க ஒருவர் நின்றார்.

ஆனால் கொழுப்பு முக்கால்வாசியும் மூச்சாகத்தான் வெளியே போகும் என்று மண் டாக்டர் விளக்கினார். ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சில் கரி வரும், கரியைச் செடி வாங்கிக்கொள்ளும். ஆகவே ஓட வேண்டும். சும்மா எங்கேயாவது ஓடினால் போதாது, செடி இருக்கிற இடத்தில் ஓட வேண்டும். பீன்ஸ் பாத்திகளுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு வழி விட்டுக் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து வயதில், மீசை இல்லாமல், அரைக்கால் சட்டையோடு, சமையல்காரர் காலையும் மாலையும் பீன்ஸ் பந்தலுக்குள் ஓடினார்.

“பூசணிக்கு மூச்சே வரல மாஸ்டர், இந்தப் பக்கமும் ரெண்டு சுத்து வாங்க,” என்று மண் டாக்டர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்.

ஓடி முடித்ததும் வியர்வைத் துண்டை அலசிய தண்ணீர் தக்காளிக்குப் போகும். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் நினைப்பு வந்து, நடுப்பாத்தியில் நின்று அழ ஆரம்பித்துவிட்டார். குழாய்க்காரர் ஓடிவந்து தோளில் கை போட்டார். ஆறுதல் சொல்ல வந்தவர்தான். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது.

“அழுங்கண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. கொஞ்சம் கத்திரிக்காய்ப் பக்கமா திரும்பி அழுங்க.”

சமையல்காரர் திரும்பி நின்று அழுதார். உப்பு அதிகம், கத்திரிக்காய்க்கு ஆகாது என்று மண் டாக்டர் மறுநாள் ஆட்சேபித்தார்.

பீன்ஸ் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல். பாத்திகள் தளதளவென்று வளர வளர, அவர் கன்னம் ஒட்டிக்கொண்டே போயிற்று. அவர் இடுப்பிலிருந்து கரைந்தது பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. சமைக்கும்போது ஒரு பீன்ஸைக் கையில் எடுத்துப் பார்ப்பார். இது என் இடது தொடையாக இருக்குமோ என்று தோன்றும். பிறகு அதை நறுக்கி வேகவைத்து ஐந்து பேருக்குப் பரிமாறுவார். இந்தத் தடவை பீன்ஸ் பிரமாதம் மாஸ்டர் என்று சாப்பிட்டுவிட்டுச் சொல்வார்கள். நன்றி சொல்வதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் அவருடைய மதிப்பு ஏறித்தான் போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். காலையில் அவர் கழிவறையிலிருந்து வரும்போது வாசலில் மூன்று பேர் ஆவலோடு நிற்பார்கள். நல்ல செய்தி என்றால் முகம் மலரும். இல்லை என்றால் அன்றைக்கு வீடே இழவு வீடு போலிருக்கும். அவர் தும்மினால்கூட, ஐயோ நடைபாதையில் தும்மிவிட்டாரே, முட்டைக்கோஸ் பக்கம் போய்த் தும்மியிருக்கக் கூடாதா என்று அங்கலாய்ப்பார்கள். ஒரு மனிதனை இவ்வளவு பேர் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்து அவர் பார்த்ததில்லை. ஆனால் அவரைக் கவனிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

வாரா வாரம் கண்ணாடிக்கு அப்பால் வந்து நிற்கும் மனைவிதான் அவரைக் கவனித்தாள்.

“என்னங்க இது, மீசையை எங்க?”

“முள்ளங்கியில.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

“கழுத்தெலும்பு தெரியுது. சாப்பாடு போடறாங்களா இல்லையா?”

“எல்லாம் வர்றதுக்குத்தான் பண்றேன். அவ எப்படி இருக்கா?”

“வயிறு ஒரு பக்கம் இருக்கு, இவ ஒரு பக்கம் இருக்கா. சாப்பிடறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல. கடைவாய்ப் பல்லு ஆடுதாம். டாக்டர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்காரு. நீங்க எப்ப வருவீங்கன்னு தினம் கேக்கறா.”

அதைக் கேட்ட பிறகு சமையல்காரர் இன்னும் வேகமாக ஓடினார். யாரும் சொல்லாமலே மத்தியானமும் ஓடினார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். கடைசி வாரம் கவலையிலேயே தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. மேடையில் ஏறிப் பார்க்கவும் பயமாக இருந்தது. இன்னும் மிச்சமிருந்தால் என்ன செய்வது?

குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே போன் வந்துவிட்டது. வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், உடனே கிளம்புங்கள். சமையல்காரர் உள்ளே வந்தபோது போட்டிருந்த சட்டை கால்சட்டையை மாட்டிக்கொண்டு, பருத்தபோது பிரித்துத் தைத்திருந்த அந்தக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு ஓடினார். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே வந்தார்கள். அவர் மேடையில் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு இருக்கு மேடம்? சொல்லுங்க, எதை வேணாலும் வெட்டிக் கொடுத்துடறேன்.”

மண் டாக்டர் எண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மாஸ்டர், நீங்க ஐம்பத்தேழுதான் இருக்கீங்க. ஒரு கிலோ அதிகமா கொடுத்துட்டீங்க.”

நாலு மாதமாகக் கொடு கொடு என்று பிடுங்கிய வீடு, இப்போது கொடுத்தது ஜாஸ்தி என்று வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

“சாப்பிடுங்கண்ணே, ஒரு கிலோதானே,” என்று குழாய்க்காரர் ஓடிப்போய் வேகவைத்த பீன்ஸைச் சட்டியோடு கொண்டுவந்தார். சமையல்காரர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். மெல்ல முடிந்தது, விழுங்க முடியவில்லை. அங்கே மகள் துடித்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பனுக்குத் தொண்டை திறக்கும்?

“அப்ப தண்ணியைக் குடிங்க. ஒரு லிட்டர் குடிச்சா கதை முடிஞ்சது.”

“தண்ணி எல்லாருக்கும் பொது,” என்றார் மண் டாக்டர். “அவரோடதைத்தான் அவர் கொண்டுபோகணும்.”

“மேடம், அவரு பொண்ணுக்குப் பிரசவம்,” என்று குழாய்க்காரர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். “ஒரு கல்லைத் தூக்கிப் பையில போட்டா யாரு கேக்கப் போறா?”

“கல்லு எப்படி அவரோடதாகும்?”

சொன்ன மண் டாக்டர் நின்று யோசித்தார். பிறகு தோட்டத்துக்குள் ஓடினார். அந்த அம்மாள் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. பந்தலடியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சமையல்காரர் தினமும் ஓடிய வழியோரத்தில் இருந்த கறுத்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அந்த வீட்டிலேயே உயர்ந்த மண் அது. ஒரு சிட்டிகை செருப்பில் ஒட்டிப் போனாலும் ஆளைத் திருப்பிக் கூப்பிட்டுத் தட்டச் சொல்பவர், அதைப் பிடிப் பிடியாகச் சமையல்காரரின் கால்சட்டைப் பைகளில் திணித்தார். இரண்டு பைகளும் புடைத்துக்கொண்டன.

“இது நீங்கதான் மாஸ்டர். இதுக்கு மேல சுத்தமா என்னால பிரிக்க முடியல. கொஞ்சம் புழுவும் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க.”

மண் டாக்டரின் கண் கலங்கியிருந்தது. எந்தச் செடிப் பக்கமும் அவர் திரும்பவில்லை. கதவு திறந்தது.

வெளிக் காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ பேர் மூச்சு விட்ட காற்று, யாருடையது என்று யாரும் கேட்காத காற்று. சமையல்காரர் அதை நின்று அனுபவிக்கவில்லை. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். ஓட மட்டும் நன்றாகப் பழகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் ஒரு நர்ஸ் மறித்தாள்.

“பையில என்ன பெரியவரே, மண்ணு கொட்டுது?”

“நான்தாம்மா.”

“நீங்கதான், தெரியுது. பையில என்னன்னு கேட்டேன்.”

“அதுவும் நான்தான்.”

இந்த வார்டு வாசலில் எத்தனையோ பதறிய தகப்பன்களைப் பார்த்தவள் அவள். வாக்குவாதம் செய்யவில்லை. “சரி, அதை வெளிய வச்சுட்டு, கை கால் கழுவிட்டு, மிச்சம் இருக்கறவரு மட்டும் உள்ள வாங்க,” என்றாள்.

தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் பெயர் தெரியாத செடி ஒன்று பாதி காய்ந்து நின்றிருந்தது. சமையல்காரர் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து அதன் அடியில் உதறினார். நாலு மாதம் நகம் முதல் மயிர் வரை அளந்து அளந்து கொடுத்தவர், யாருடைய செடி, யாருக்குப் போய்ச் சேரும் என்று ஒன்றும் கேட்காமல் ஒரு கிலோவை அங்கே போட்டுவிட்டு உள்ளே போனார்.

எல்லாம் முடிந்திருந்தது. அவர் பிந்திவிட்டார். மனைவி கட்டிலோரத்தில் நின்றிருந்தாள், மாப்பிள்ளை மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள், கண்ணுக்கடியில் குழி, உதட்டில் ரத்தமே இல்லை. பக்கத்தில் துணியில் சுருட்டி ஒன்று, சிவந்து, கொழுகொழுவென்று, மூடிய கையோடு தூங்கிக்கொண்டிருந்தது.

வலியில் தனியாக விட்டுவிட்டீர்களே என்று மகள் கேட்பாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் மீசையில்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் அடையாளம் தேடுவது போலப் பார்த்தாள்.

“என்னப்பா, இப்படிப் பாதியா ஆயிட்டீங்க?”

“உன்கிட்ட வர்றதுக்கு இவ்வளவு ஆச்சும்மா. எல்லாத்தையும் கொடுத்துட்டுத்தான் வர முடிஞ்சது.”

மகளுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. பக்கத்தில் கிடந்ததை மெல்லத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

“நானும்தான்ப்பா,” என்றாள்.